பார்த்தேன், பிழை இல்லை

28 அக்டோபர் 2024, திங்கள்

காலையிலேயே துர்காவிடம் திட்டு வாங்கினேன். அவளுடைய கல்யாணப் பத்திரிகையின் புரூஃபை அச்சகத்துக்காரர் எனக்கு மூன்று தடவை அனுப்பினாராம். மூன்று தடவையும் திரும்பிப் போயிருக்கிறது. என் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதாம்.

ஆபீஸிலிருந்து போன் பண்ணினாள். "பெரியம்மா, பதினஞ்சு வருஷக் குப்பையைச் சேத்து வச்சிருக்கீங்க. உக்காந்து அழிங்க. கல்யாணம் தையிலதான், அதுக்குள்ள முடிச்சிருவீங்கல்ல?"

நக்கலைப் பார். முப்பத்தொரு வருஷம் இந்த மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி ஆபீஸையே கட்டி மேய்த்தவள் நான். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆனதும் இவளுக்கு நான் கிண்டலாகிவிட்டேன். 'தங்கபுஷ்பம் மேடம் மேஜையில் ஒரு ஃபைல் தங்காது' என்று பிரின்சிபாலே சொல்லியிருக்கிறார். நாளைக்கே முடித்துக் காட்டுகிறேன்.

29 அக்டோபர், செவ்வாய்

முடியவில்லை. எத்தனை சர்க்குலர், எத்தனை தேர்வு அட்டவணை! ஒரே சுற்றறிக்கையை நாலு பேர் நாலு விதமாக அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் வேர்டில், ஒருவர் எக்செலில், ஒருவர் ஸ்கேன் பண்ணி, இன்னொருவர் செல்லில் படம் பிடித்து, அதுவும் தலைகீழாக. எல்லாவற்றையும் திறந்து பார்த்துத்தான் அழிக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றையும்.

மத்தியானம் புளிக்குழம்பு. கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

சாயங்காலம் பத்திரிகை விஷயமாகத் துர்காவோடு மறுபடியும் வாக்குவாதம். அவள் செல்லிலேயே புரூஃபைக் காட்டினாள். 'தங்கபுஷ்பம் அவர்களின் வளர்ப்பு மகள்' என்று இருக்கிறது. அம்மா பேர் எங்கேடி என்றேன்.

"உங்க தங்கச்சி பேரு வேணாம்."

"பெத்தவடி."

"பெத்தவங்க, சாகப்போறோம்னு தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம போனாங்க. அவங்க பேரை நான் ஏன் போடணும்?"

அவள் சொல்வது நிஜம்தானே. என் தங்கை செல்வரதி 2010 ஜூனில் போனாள், முப்பத்தொன்பது வயதில். மார்பில் புற்றுநோய். மாசக்கணக்கில் மறைத்து வைத்திருந்துவிட்டு, பொங்கல் கழித்து இங்கே வந்து நின்றபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் புருஷன் வருஷம் திரும்புவதற்குள் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். ஒன்பது வயதுப் பிள்ளை என்னிடம் வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிவகாசிக்கே போய்த் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்.

30 அக்டோபர், புதன்

2009-க்கு வந்துவிட்டேன். ரதியின் மெயில்கள் ஐம்பத்து மூன்று இருக்கின்றன.

அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டைப் பண்ணும் வேலை பார்த்தாள். நல்ல நேரம், ராகு காலம், விரத நாள் என்று தினக் காலண்டருக்கு வேண்டியதையெல்லாம் அடிப்பாள். அதை அங்கே 'மேட்டர்' என்பார்கள். அடித்ததை எனக்கு அனுப்பிப் பிழை பார்க்கச் சொல்வாள். எனக்குத் தமிழ் சுத்தமாக வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் கட்டுரைகளை நான்தான் திருத்துவேன்.

எல்லாம் பி.டி.எஃப். பதினைந்து வருஷம் கழித்துத் திறந்தாலும் எழுத்து முத்து முத்தாக நிற்கிறது. அவற்றை அழிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

ஒன்று மட்டும் வேர்ட் ஃபைல். பேர் 'மேட்டர் நான்கு'. திறந்தால் முழுக்க முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. அப்போதும் இப்படித்தான் இருந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்தால் மிஷின் தொங்கிப்போகும். அதனால் மெயிலுக்குள்ளேயே 'வியூ' என்பதை அழுத்திப் பார்ப்போம். இதே குப்பைதான் வந்தது. நானும் வழக்கம்போல ஒரு வரி பதில் போட்டிருக்கிறேன்.

படிக்க முடியாததை வைத்து என்ன பண்ண? பதிலோடு சேர்த்து அதை ட்ராஷில் போட்டேன். முப்பது நாளில் தானாகவே அழிந்துவிடும் என்று மேலே எழுதியிருக்கிறது. நவம்பர் 29.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. துர்காவுக்கு மயில் கழுத்துப் பச்சையில் சேலை எடுத்திருந்தேன். தேவதை மாதிரி இருந்தாள். சிரித்தால் அப்படியே ரதிதான்.

2 நவம்பர், சனி

ட்ராஷை இப்போதே காலி பண்ணிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'எப்போதைக்குமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்த வேண்டியதுதானே, அழுத்தவில்லை.

தேதியைப் பார்த்தேன். 2009 நவம்பர் 3. மறுபடி திறந்தேன். ஒரு மாதத்துக் காலண்டர் மேட்டர் என்றால் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். இதில் எண்ணே இல்லை. இரண்டு பக்கம், பத்தி பத்தியாகப் போகிறது. mf;fh என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணினேன், ஒன்பது.

காலண்டரில் என்ன வார்த்தை ஒன்பது தடவை வரும்? 'நல்ல நேரம்' வரும். 'அமாவாசை' வரும். அப்படித்தான் இருக்கும்.

5 நவம்பர், செவ்வாய்

மெயில் பக்கமே போகவில்லை. இட்லிக்கு அரைத்தேன். அலமாரியை ஒழித்தேன். ஒழித்த அலமாரியையே இன்னொரு தடவை ஒழித்தேன்.

7 நவம்பர், வியாழன்

கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆரோக்கியசாமியிடம் போனேன். ஐம்பது வயசு மனுஷன், என் காலத்துப் பழக்கம். மெயிலைத் திறந்து காட்டினேன்.

"இது ஒண்ணுமில்ல மேடம். பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்சது. பி.டி.எஃப்.னா ஃபாண்டும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துரும். வேர்ட்ல அப்பிடி வராது, தனியா ஏத்தணும். இங்க அந்த ஃபாண்ட் இல்லன்னா இங்கிலீஷ் மாதிரிதான் நிக்கும். உள்ள தமிழ் பத்திரமா இருக்கு. ஒரு நிமிஷம் குடுங்க, மாத்தித் தர்றேன். யாரு அனுப்புனது?"

"என் தங்கச்சி."

"சிவகாசில இருந்தாங்களே, அவங்களா? பாவம். இருங்க, வாசிச்சே சொல்லிடறேன்."

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

"குப்பையாவே பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எந்த எழுத்துக்கு எந்த எழுத்துன்னு ஒரு சார்ட் இருக்குமே, அதுவும் குடுங்க. நானே பாத்துக்கறேன்."

"ரெண்டு பக்கத்தையும் எழுத்தெழுத்தாவா மேடம்? கண்ணு போயிரும்."

போகட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் எழுதியதை வெளியாள் ஒருவர் முதலில் படிக்கக்கூடாது. அவ்வளவுதான் காரணம்.

8 நவம்பர், வெள்ளி

சார்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். m என்றால் அ. f என்றால் க. அரைப்புள்ளி போட்டால் புள்ளி வைத்த எழுத்து. h என்றால் கால்.

mf;fh. அக்கா.

ஒன்பது தடவை அக்கா.

சார்ட்டை மடித்து வைத்துவிட்டேன். ஏனோ ஆஸ்பத்திரி ஞாபகமாகவே இருக்கிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பப் பரவிவிட்டது என்று சொன்ன அன்று, நேரே அவள் கட்டிலுக்குப் போய்க் கத்தினேன். 'ஏன்டி என்கிட்டச் சொல்லலை? நான் என்ன செத்தா போயிட்டேன்?' அவள் என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எதையோ கேட்கப் போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். அப்புறம் 'விடுக்கா' என்றாள்.

துர்கா கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். நர்ஸ்களிடம் சொன்னேன். 'கல்நெஞ்சக்காரி, கூடப் பிறந்தவகிட்டக்கூட மூச்சு விடலை' என்று நாலு மாதம் அவள் காதுபடச் சொன்னேன். ஒரு தடவைகூட அவள் மறுத்துப் பேசவில்லை.

10 நவம்பர், ஞாயிறு

ஒரு வரி முடிந்தது. 'அக்கா, இது மேட்டர் இல்லை.'

12 நவம்பர், செவ்வாய்

fl;b என்று ஒரு சொல்.

f என்றால் க. l; என்றால் ட். b என்றால் டி.

இன்றைக்கு இவ்வளவு போதும்.

14 நவம்பர், வியாழன்

மூன்று நாள் காய்ச்சல் மாதிரி இருந்தது, உடம்பு சுடவில்லை. துர்கா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "என்ன பெரியம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள். வெயிலில் போனது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நவம்பரில் என்ன வெயில்?

அவள் ஆபீஸுக்குப் போனதும் எடுத்து உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிந்தது. இங்கே எழுதி வைக்கிறேன்.

'அக்கா, இது மேட்டர் இல்லை. பக்கத்து மிஷினில் இருப்பவர்கள் பார்க்கக்கூடாது என்று பேரை மட்டும் மேட்டர் என்று வைத்திருக்கிறேன். எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது அக்கா. ஆடி மாதமே கையில் பட்டது. நெறி கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது எலுமிச்சங்காய் அளவு இருக்கிறது. இங்கே லேடி டாக்டரிடம் காட்டினேன். உடனே மதுரைக்குப் போ என்கிறார். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் அக்கா. அடித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது.'

சொல்லியிருக்கிறாள்.

எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

18 நவம்பர், திங்கள்

மிச்சம் ஒரு பக்கம் இருக்கிறது. தொடவில்லை.

நேற்று முகூர்த்தச் சேலை எடுக்கப் போனோம். கடையில் ஒரு அம்மாவும் மகளும் ஒரே சேலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அரக்கு வேண்டும் என்கிறாள், மகள் ரோஸ் வேண்டும் என்கிறாள். துர்கா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"எனக்குச் சொல்லலைன்னாக்கூடப் பரவால்ல பெரியம்மா. ஒம்போது வயசு, என்ன புரியும்? உங்ககிட்டக்கூடச் சொல்லலையே. நீங்க கேட்டதுக்கு 'விடுக்கா'ன்னாங்களே, எனக்கு இன்னும் காதுல கேக்குது. அவங்களுக்கு நம்ம யாருமே முக்கியமில்ல. அதான."

இதுதான் சமயம். சொல்லு தங்கபுஷ்பம், சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"அப்பளம் போடவா?" என்று வந்தது.

என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் எத்தனை கிளார்க்குகளை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன், 'படிக்காமல் எப்படிய்யா கையெழுத்துப் போட்டாய்?' என்று.

21 நவம்பர், வியாழன்

முடித்துவிட்டேன். சார்ட் இனி வேண்டாம். பார்த்தாலே படிக்க வருகிறது.

'அக்கா, இப்போது சீசன். காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. துர்காவுக்கு அரையாண்டுப் பரீட்சை வருகிறது. பொங்கல் முடிந்ததும் வந்து காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் படுத்தால் பயமாக இருக்கிறது. நான் நினைப்பது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை. என் பிழையை எல்லாம் நீதானே பார்ப்பாய் அக்கா. இதையும் பார்த்துச் சொல். தப்பு என்றால், வா என்று ஒரு வார்த்தை போடு. வேலை கிடக்கிறது கழுதை என்று நாளைக்கு முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். சரி என்றால், அப்படியே செய் என்று போடு. பொங்கல் வரை இருக்கிறேன். நீ எது சொன்னாலும் சரி. துர்காவுக்கு இன்னும் தெரியாது. பரீட்சை முடிந்ததும் நானே அவளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வேன். அவளுக்குத் தெரியாமல் எதையும் மறைக்க மாட்டேன். அதுவரை நீ சொல்லிவிடாதே.'

அவ்வளவுதான் கடிதம். பரீட்சை முடிந்ததும் சொன்னாளா? சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியாது. அக்கா பிழை இல்லை என்றுவிட்டாளே, பெரிதாக ஒன்றுமிருக்காது, பிள்ளையை எதற்குப் பயமுறுத்துவானேன் என்று நினைத்திருப்பாளோ? என்னவோ. அதையும் நான்தான் செய்தேன்.

இனி நான் போட்ட பதிலை எழுத வேண்டும். இத்தனை நாளும் எழுதாமல் தள்ளிப் போட்டேன். நவம்பர் 3, காலை பதினொன்று இருபதுக்குப் போட்டிருக்கிறேன். அன்று கல்லூரியில் ஆய்வுக் குழு வந்திருந்தது. மேஜை முழுக்க ஃபைல். மெயிலைத் திறந்தேன், குப்பை வந்தது, ஃபாண்ட் இல்லை போல என்று நினைத்தேன். மறுபடி அனுப்பு என்று கேட்டால் அவள் அனுப்புவாள், நான் அதைப் பார்க்க வேண்டும். அவள் மேட்டரில் எப்போது பிழை இருந்தது? வருஷக்கணக்காகப் பாதி மேட்டரைத் திறக்காமலேயே இதே பதிலைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றும் அதையே போட்டேன்.

'பார்த்தேன். பிழை இல்லை. அப்படியே செய்.'

அதற்குக் கீழே, ஆறு நிமிஷம் கழித்து, அவளுடைய பதில் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதைப் படிக்க எந்த ஃபாண்டும் தேவையில்லை.

'சரிக்கா. இப்ப பயமா இல்ல.'

அதையும் அன்றைக்கே படித்தேன். முதலாளி திட்டுவார் என்று பயந்திருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் எதற்காக அவ்வளவு நேரம் பார்த்தாள் என்று இப்போது தெரிகிறது. நான் கத்திய அந்த நிமிஷத்தில்தான், நான் படிக்கவே இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே செத்திருப்பேன். 'விடுக்கா' என்று அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நாலு மாதம் நான் ஏச ஏசக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பெற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் சொல்லவில்லை.

ரதி, ரதி, நான் பாவி. வேறு என்ன எழுத.

24 நவம்பர், ஞாயிறு

இன்னும் ஐந்து நாள். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும், மூன்று மெயிலும் தானாகப் போய்விடும். நோட்டிலிருந்து பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டால் விஷயம் முடிந்தது.

இன்று முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். பொங்கல் கழித்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் ஏன் கலக்க வேண்டும்? இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் 'பொங்கல் கழித்து' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

உண்மை அதில்லை. எனக்கு அவள் ஒருத்திதான். இதைத் தெரிந்துகொண்டால் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட மாட்டாள். அந்தப் பயம்தான். சொல்லாவிட்டால் அவள் சாகிறவரை அம்மாவை வெறுத்துக்கொண்டே இருப்பாள். ரதி மடியில் வைத்துச் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தக் குப்பை எழுத்தோடு போய்விடும்.

சமையலறையில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ டைப் அடிக்கிற மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் குழாய் சொட்டுகிறது. குழாயை இறுக்கி மூடினேன். அப்புறமும் கேட்கிறது.

27 நவம்பர், புதன்

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மெயிலை அப்படியே துர்காவுக்கு அனுப்பிவிட்டேன். விளக்கமாக எழுத வரவில்லை. 'உன் அம்மா எனக்கு அனுப்பியது. நீ பார்க்க வேண்டும்' என்று மட்டும் போட்டேன்.

சாயங்காலம் வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். டீ குடித்தாள். மாப்பிள்ளையோடு போனில் பேசினாள். இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

28 நவம்பர், வியாழன்

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, நேத்து என்னமோ அனுப்பியிருக்கீங்களே, செல்லுல ஓப்பன் பண்ணா ஒரே ஜிலேபியா வருது. அது ஏதோ கெட்டுப்போன ஃபைலு. காலண்டர் மேட்டர்தான? அழிச்சிறவா?"

செல்லை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே குப்பை. ஆமாம்டி, பழைய மேட்டர்தான், அழித்துவிடு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் விரல் அழிக்கிற இடத்தில்தான் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்னைக் காப்பாற்றிய அதே குப்பை, இன்னொரு தடவையும் காப்பாற்ற வந்து நிற்கிறது.

"அழிக்காத. உக்காரு. நான் வாசிக்கறேன்."

"இதை எப்பிடி வாசிப்பீங்க?"

"உக்காருடி."

நோட்டை எடுக்கவில்லை. அவள் செல்லை வாங்கி, அந்த எழுத்தைப் பார்த்தே வாசித்தேன். 'அக்கா, இது மேட்டர் இல்லை' என்று ஆரம்பித்ததும் அவள் சிரிப்பு நின்றது. கட்டி என்ற இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு சொல்வேன் என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வாசித்து முடித்தேன்.

"அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"என்கிட்டயும் சொல்லணும்னு நெனச்சிருக்காங்க."

"ஆமா."

சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். அம்மா அம்மா என்று அழுதாள். ரதி செத்த அன்றுகூட இந்தப் பிள்ளை அழவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நீங்க ஏன் வான்னு சொல்லலை?"

என் பதிலையும், அதற்கு ரதி போட்ட பதிலையும் வாசித்தேன். ஏன் அப்படிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். ஆய்வுக் குழு, ஃபைல், ஃபாண்ட், நாளைக்கு அந்த மெயில் அழிந்துவிடும் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. என் முழங்கையில் இருந்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

தொடப் போனேன். "வேணாம் பெரியம்மா. இப்ப தொடாதீங்க" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வரவில்லை.

29 நவம்பர், வெள்ளி

காலையில் குளித்துப் பையோடு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. காபி கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள்.

"ஒரு வாரம் ஃப்ரெண்டு பானு வீட்ல இருக்கேன். தேட வேணாம்."

"சரிம்மா."

"பத்திரிகைல அம்மா பேரைப் போடச் சொல்லிட்டேன். உங்க பேரை என்ன பண்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை."

"எடுத்துரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன்.

வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"அந்த மெயில் இன்னைக்கு அழிஞ்சிரும்னு சொன்னீங்கல்ல? அழிய விட்றாதீங்க. மூணும் வேணும். உங்க பதிலும் வேணும்."

"அது எதுக்குடி உனக்கு? என்னைத் திட்டறதுக்கா?"

"அம்மா தனியா பயந்துகிட்டு இருந்திருக்காங்க. நீங்க பாக்காமயே பாத்தேன்னு ஒரு பொய் சொன்னீங்க. அந்தப் பொய்யை நம்பித்தான் பொங்கல் வரைக்கும் பயமில்லாம தூங்கியிருக்காங்க. அந்த ரெண்டு மாசமும் நான் அவங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன். சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க பெரியம்மா. ஏன் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்கன்னு இப்பதான் தெரியுது."

படி இறங்கிப் போய்விட்டாள். நான் கம்ப்யூட்டரைத் திறந்து மூன்றையும் ட்ராஷிலிருந்து எடுத்து இன்பாக்ஸில் வைத்தேன். அப்போது மணி எட்டே கால்.